விளையாட்டான வேலைகளுக்குச் சோடி எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள் பெனர், பாலர் பாடசாலைக் கலைவிழா அழைப்பிதழ், ஐஸ்கிரீம் கடை போட், கேக் பெட்டி ஸ்டிக்கர், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு டீசேட். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் சின்னதாக வடிவமைப்பு வேலை செய்கிறவர்களுக்கு வருகிற ஓடர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். எந்த எழுத்துருவோடு எதைச் சேர்ப்பது என்று வட்ஸ்அப்பில் கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதுவதை விட ஒரேயடியாக இங்கே போட்டுவிடுகிறேன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், அலுவலகக் கடிதத் தலைப்பு எல்லாம் வேறு கதை. அவை இதில் இல்லை.

ஒரு எழுத்துரு போதாதா அண்ணன், இரண்டாவது எதற்கு?

சில வேலைக்குப் போதும். டீசேட்டில் "பாரதி இல்லம்" என்று இரண்டே சொல் என்றால் இரண்டாவதுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் பெனர் என்று வந்தால் பிள்ளையின் பெயர், வாழ்த்து, திகதி, நேரம், மண்டபம், அப்பா அம்மா, மாமா மாமி, அம்மம்மா வரைக்கும் வந்துவிடும். பெயரைக் குண்டு எழுத்தில் போட்டால் அழகு. மண்டபத்தின் விலாசத்தையும் அதே குண்டு எழுத்தில் போட்டால் எல்லாமே ஒன்றாகச் சத்தம் போடும், ஒன்றும் காதில் ஏறாது.

அதனால் சோடியில் ஒன்றுதான் விளையாட வேண்டும், மற்றது சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் விதி என்று சொல்வது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற விஷயம். பேசாமல் நிற்பது என்றதும் அலுவலகக் கடிதத்துக்குப் போடுகிற விறைத்த எழுத்தைக் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். அமைதியாக இருந்தாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கத்தான் வேண்டும்.

இணையத்தில் விற்கிற ஆங்கிலச் சோடிகள் அழகாக இருக்கின்றனவே, அவற்றைத் தமிழுக்குப் போடலாமா?

போட முடியாது. அவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் தமிழில் தட்டினால் கணினி சத்தமில்லாமல் வேறு எழுத்துருவை இழுத்து வைக்கும்: விண்டோஸ் என்றால் லதா அல்லது நிர்மலா, அண்ட்ரொய்ட் போன் என்றால் பெரும்பாலும் நோட்டோ. "பொன்ட் இறங்கிவிட்டது, ஆனால் ஸ்டைல் வரவில்லை" என்று வருகிற முறைப்பாடு எல்லாம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆங்கிலச் சோடிகளில் வழக்கமாக ஒன்று தூரிகையால் இழுத்த மாதிரி ஓடுகிற எழுத்து, மற்றது ஒல்லியான பெரிய எழுத்து வரிசை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு அந்த மொழியில் இருப்பதால் அது அங்கே எடுபடுகிறது. நமக்கு அந்த வேறுபாடு இல்லை. தமிழில் இரண்டு வரிகளைப் பிரித்துக் காட்ட மூன்று வழிதான்: தடிப்பு, அகலம், வளைவு. மூன்றில் இரண்டிலாவது எழுத்துருக்கள் நன்றாக வேறுபட்டால்தான் பார்க்கிறவருக்குச் சோடி என்று தெரியும். கொஞ்சமாக வேறுபட்டால் தவறுதலாக மாறிப்போன மாதிரித்தான் இருக்கும்.

சரி, நேரடியாகப் பெயரைச் சொல்லுங்கள். எதோடு எது?

கூகுள் பொன்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதற்கும் பாலூ தம்பி 2. அதில் 400 முதல் 800 வரை ஐந்து தடிப்பு உண்டு, எண் கூடக் கூட எழுத்துத் தடிக்கும். தலைப்புக்கு 800 வையுங்கள், பக்கத்தில் முக்த மலர் 400 அல்லது 500. இரண்டும் மும்பையிலுள்ள ஏக் டைப் குழுவினர் செய்தவை. ஒன்று உருண்டு திரண்டு நிற்கும், மற்றது திறந்த வடிவத்தோடு தெளிவாக இருக்கும், சின்ன அளவிலும் வாசிக்கலாம். எங்கள் பக்கத்துப் பெனர்களில் பாலூவைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் அலுப்புத்தான், ஆனால் பிள்ளையின் தாய்க்கு அலுப்பில்லை.

காய்னி இன்னும் குண்டு. ஒரே ஒரு தடிப்புத்தான். "ஐஸ்", "ஜில்", "டும்" மாதிரிக் குட்டிச் சொல்லுக்கு அதை விட நல்லது இல்லை, நீளமான வாக்கியம் போட்டால் மூச்சு முட்டும். அதற்குச் சோடியாகக் கட்டமரான் வையுங்கள். அதில் 100 முதல் 900 வரை ஒன்பது தடிப்பு இருப்பதால் 300 அல்லது 400 எடுத்தால் காய்னிக்கும் அதற்கும் இடையில் நல்ல தூரம் கிடைக்கும்.

வீட்டில் செய்கிற தொதல், மிக்சர், கைவேலைச் சோப், ஊறுகாய்ப் போத்தல் லேபிள் என்றால் கவிவாணர். கையால் சரித்து எழுதிய மாதிரி இருக்கும். அதைச் செய்தவர் இலங்கையரான தாரிக் அஸீஸ். அவரே செய்த பவனத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒரே கை இரண்டு மனநிலையில் எழுதிய மாதிரி ஒத்துப்போகும். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த சோடி இதுதான், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிற போட்டுக்கு ஒத்துவராது, இரண்டுமே மெல்லியவை.

அரிமாவைப் பிள்ளைகள் வேலைக்கு எடுக்கிறார்கள். எனக்கு அது குழந்தைப் பிறப்பு வாழ்த்து, பூக்கடை, அழகுநிலையம் மாதிரி மென்மையான இடத்துக்குத்தான் சரி. சோடி ஹிந்த் மதுரை.

பாலூவும் காய்னியும் சேர்த்துப் போட்டால்?

வேண்டாம். இரண்டும் குண்டு, இரண்டும் உருண்டை, இரண்டும் முன்னுக்கு வரப் பார்க்கும்.

ஒரே குடும்ப எழுத்துருவை இரண்டாகப் பயன்படுத்தினால் அது சோடியா?

தாராளமாகச் சோடிதான், பல நேரம் அதுதான் பாதுகாப்பான வழியும். 2022இல் வெளிவந்த அனேக் தமிழைப் பாருங்கள். அதில் தடிப்பு 100 முதல் 800 வரை மாறும், அகலமும், வழக்கமானதை 100 என்று வைத்தால், 75 முதல் 125 வரை மாறும். விரிந்த 800ஐத் தலைப்புக்கும் ஒடுங்கிய 500ஐ விபரத்துக்கும் எடுத்தால், ஒரே எழுத்துரு என்று யாரும் சட்டென்று கண்டுபிடிக்க மாட்டார்கள், சண்டையும் வராது.

இதன் அருமை இல்ல விளையாட்டுப் போட்டி டீசேட்டில் தெரியும். "பாரதி இல்லம்" இலகுவாக நெஞ்சில் அடங்கிவிடும். சுவாமி விபுலாநந்தர் காரைதீவு மண்ணில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் அவர் பெயரில் ஒரு இல்லம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தப் பெயரோ நீளம். பாலூ 800இல் "விபுலாநந்தர்" என்று ஒரே வரியில் போட்டால் அகலத்துக்குள் அடக்க எழுத்தைச் சின்னதாக்க வேண்டி வரும், பிறகு பக்கத்தில் நிற்கிற பாரதிப் பிள்ளையின் டீசேட்டில் எழுத்து பெரிதாகவும் இவருடையதில் குட்டியாகவும் இருக்கும். எல்லா இல்லத்துக்கும் அனேக் எடுத்து, நீளப் பெயருக்கு மட்டும் அகலத்தை 75க்குக் குறையுங்கள். உயரம் எல்லோருக்கும் ஒன்றாக நிற்கும்.

அதற்குப் பதிலாக எழுத்தின் பக்கத்துப் பிடியைப் பிடித்து இழுத்து ஒடுக்கினால் என்ன?

கோரல் ட்ரோவில் எல்லோரும் செய்கிற வேலை. எழுத்து ஒடுங்கும், அதோடு நிமிர்ந்த கோடு மெலிந்து படுத்த கோடு மட்டும் பழைய தடிப்பிலேயே நிற்கும். "ம"வையும் "ட"வையும் பாருங்கள், அடிக்கோடு வீங்கின மாதிரித் தெரியும். தடிப்புப் பொத்தானும் இதே மாதிரி ஆபத்துத்தான். காய்னி, கவிவாணர், பவனம் மூன்றுக்கும் வேறு தடிப்புக் கிடையாது, நீங்கள் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ஓரத்தைச் சுற்றி ஊதிவிடும், "ண", "ஞ", "ழ" ஆகியவற்றின் உள்சுழி அடைந்துபோகும். சரிவுப் பொத்தானைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சரிவு வேண்டுமென்றால் கவிவாணர் இருக்கிறது.

சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்து மூன்று மொழியில் போட் கேட்கிறார்கள். அப்போது?

இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம், ஏனென்றால் பாலூ குடும்பத்தில் இந்தியாவின் பல எழுத்துகள் இருந்தாலும் சிங்களம் இல்லை. ஆங்கிலத்துக்குப் பிரச்சினை இல்லை: பாலூ தம்பிக்குள்ளும் காய்னிக்குள்ளும் ஆங்கில எழுத்து உண்டு, அதையே எடுங்கள், வேறு தேட வேண்டாம்.

சிங்களத்துக்குக் கொழும்பு மூனியாக் குழுவினரின் ஸ்டிக் நோ பில்ஸ், கெமுனு லிப்ரே, அபய லிப்ரே எல்லாம் கூகுளில் இருக்கின்றன. கெமுனு கட்டமாக நிற்கும், அனேக் தமிழின் ஒடுங்கிய வடிவத்தோடு சேரும். பாலூவோடு சேர்க்க நான் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் சிங்களத்தின் மிகத் தடித்த வடிவத்தைத்தான் எடுக்கிறேன். சிங்கள எழுத்து இயல்பிலேயே உருண்டை, தடிப்பு மட்டும் ஒத்துவந்தால் பாலூவுக்குப் பக்கத்தில் அந்நியமாகத் தெரியாது. மூன்று மொழிக்கும் விளையாட்டு எழுத்துத் தேடி அலைய வேண்டியதில்லை. தடிப்பைச் சமப்படுத்துங்கள், மீதியை நிறம் பார்த்துக்கொள்ளும்.

அளவைப் புள்ளிக் கணக்கில் சமப்படுத்தாதீர்கள். மூன்றுக்கும் 72 என்று போட்டால் மூன்றும் மூன்று உயரத்தில் நிற்கும். "ப", "ம" ஆகியவற்றின் உயரத்தை ஆங்கிலச் சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் நடுவில் வருகிற மாதிரி வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அவ்வளவுதான்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் பெருநாள் வாழ்த்துக்கு அரபு எழுத்தும் கேட்பார்கள். அதற்குப் பாலூ பாய்ஜான் 2 இருக்கிறது, பாலூ தம்பியின் சொந்தச் சகோதரன், வேறு யோசனை தேவையில்லை.

எங்கள் அச்சகத்தில் இன்னும் பாமினிதான். அதை வைத்துச் சோடி சேர்க்க முடியாதா?

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதில் அடித்ததற்குப் பாலூவைப் போட்டுப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சோடி தேடுவது என்றால் ஒரே சொல்லை ஐந்தாறு எழுத்துருவில் மாற்றி மாற்றிப் பார்ப்பது, அந்த வேலைக்கு யூனிகோட், அதாவது எழுத்துருவை மாற்றினாலும் எழுத்து மாறாமல் நிற்கிற குறியீட்டு முறை, இல்லாமல் முடியாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. விசைப்பலகைப் பழக்கம்தான் தடை என்றால் அதுவும் தடையில்லை, பாமினி முறையிலேயே தட்டி யூனிகோட் எழுத்தைப் பெறுகிற விசைப்பலகைகளும் உண்டு.

போட்டோஷொப்பில் கொம்பு தனியாகப் போய் நிற்கிறது. எழுத்துருவின் பிழையா?

இல்லை, அமைப்பின் பிழை. "கொ" என்று தட்டினால் கொம்பு முன்னுக்கு வராமல் பின்னால் நின்றால் அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைத்தால், டைப் அமைப்புகளுக்குள் போய் வேர்ல்ட் ரெடி என்று தொடங்குகிறதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய பதிப்பில் மத்திய கிழக்கு, தெற்காசியா என்று இருக்கும். இலஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தலையிடியே இல்லை.

பிக்ஸல்லாப் மாதிரிப் போன் செயலிகளில் வேறொரு சிக்கல்: எல்லாத் தடிப்பும் ஒரே கோப்புக்குள் இருக்கிற எழுத்துருவைப் போட்டால் ஒரு தடிப்பு மட்டும்தான் தெரியும். கூகுளில் இறக்கிய கோப்புறைக்குள் ஸ்டட்டிக் என்று ஒரு உறை இருக்கும், அதிலிருந்து 800ஐயும் 400ஐயும் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள்.

வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, எழுத்துக்கு இடையில் இடம் விட்டால் அசிங்கமாக இருக்கிறது. ஏன்?

தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகார வால்களும் இருக்கின்றன. "சுட்டிப் பூக்கள்" என்று ஒரு கலைவிழாத் தலைப்பு, அதற்குக் கீழே "கலைநிகழ்ச்சி" என்று வையுங்கள். ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளி விட்டால் "பூ"வின் வால் நேரே போய் "ழ்"இன் புள்ளியில் குத்தும். இதைத் தவிர்க்க இடைவெளியைக் கூட்டலாம். ஆனால் விளையாட்டான வேலையில் வரிகள் நெருக்கமாக இருந்தால்தான் அழகு, அதனால் கீழ் வரியை இடமோ வலமோ கொஞ்சம் நகர்த்தி வால் ஒரு வெற்றிடத்தில் இறங்குகிற மாதிரி வைப்பது நல்லது. இது கையால் செய்கிற வேலை, எந்த மென்பொருளும் செய்து தராது.

எழுத்துக்கு இடையில் இடம் விடுவதை மறந்துவிடுங்கள். சில செயலிகள் கொம்பையும் எழுத்தையும் காலையும் தனித்தனியாகத் தள்ளிவிடும், "கொ"வின் கொம்பு முந்தின எழுத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

கேக்கின் மேல் பெயர் எழுதிக் குத்துகிற டொப்பருக்கும் வெட்டுகிற ஸ்டிக்கருக்கும் எந்தச் சோடி?

டொப்பருக்குச் சோடியே வேண்டாம், ஒரே எழுத்துரு. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஓடுகிற எழுத்தில் பெயரை எழுதினால் எழுத்துகள் தாமாகவே கைகோத்துக்கொள்ளும், லேசரில் வெட்டினால் ஒரே துண்டாக வரும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனி, "நா", "வா" ஆகியவற்றின் காலும் தனி, எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி ஆகாயத்தில் மிதக்கும். "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்பதில் மட்டும் ஐந்து புள்ளி. அப்படியே வெட்டக் கொடுத்தால் ஐந்து குட்டி வட்டம் தனியாகக் கையில் வரும்.

எனவே பாலூ 800 மாதிரித் தடித்ததை எடுத்து, எழுத்தை வடிவமாக மாற்றி, பக்கத்து எழுத்துகளை ஒன்றையொன்று தொடுமட்டும் நெருக்குங்கள். அடியில் ஒரு பட்டி போட்டு எல்லாவற்றையும் அதில் ஊன்றலாம். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தன் எழுத்தின் தலையில் கொஞ்சம் அமிழும்வரை கீழே இறக்குங்கள். முழுக்க அமிழ்த்தினால் புள்ளி மேடாகிவிடும், "ள்" வாசிக்க வராது. முக்கால் வட்டமாவது வெளியே தெரிய வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்குகிற கட்டளை: இங்க்ஸ்கேப்பில் யூனியன், கோரலில் வெல்ட். இணைப்பு எங்கேயாவது அக்ரிலிக்கின் தடிப்பை விட ஒடுங்கியிருந்தால் கேக்கில் குத்தும்போது அங்கேதான் முறியும்.

ஸ்டிக்கரில் இதே புள்ளி வேறு விதமாகப் பழிவாங்கும். வெட்டியபின் தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது குட்டிப் புள்ளி அதோடு சேர்ந்து வந்துவிடும், "கடல்" "கடல" ஆகிவிடும். போத்தல், ஹெல்மட் மாதிரிச் சின்ன இடத்துக்குப் புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவைத் தேடுங்கள், இரண்டாவது எழுத்துருவின் விபரத்தை வெட்டாமல் அச்சிட்டு ஒட்டுங்கள்.

வெள்ளை ஓரம் போடுவதைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். எழுத்தின் மேலேயே தடித்த ஓரம் போட்டால் அது உள்பக்கமாகவும் தின்னும். எழுத்தைப் பிரதி எடுத்துப் பின்னால் வைத்து, பின்னால் உள்ளதற்கு மட்டும் ஓரம் போடுங்கள்.

போட்டில் இரண்டாவது எழுத்துரு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்று போட் செய்கிறவர்கள் ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழுக்கு அதை விடக் கொஞ்சம் கூட்டுங்கள், நம் எழுத்துக்குள் சுழி அதிகம். கல்முனை வீதியில் பஸ்ஸில் போகிறவருக்குக் கடைப் பெயர் தெரிந்தால் போதும், தொலைபேசி இலக்கத்தை வாசிக்கிறவர் கடை வாசலில்தான் நிற்பார். ஆகவே பெயரும் விபரமும் மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று தைரியமாக வேறுபடட்டும்.

இலவச எழுத்துருவைக் காசுக்குச் செய்கிற வேலையில் போடலாமா?

கூகுள் பொன்ட்ஸில் இருக்கின்றன என்று நான் மேலே சொன்ன எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. போட், டீசேட், லோகோ, புத்தகம், எதற்கும் போடலாம், காசும் வாங்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு தளங்களில் இறக்கும்போது சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் ஐஸ்கிரீம் கடை போட் அதில் அடங்காது, கடை உங்கள் மச்சானுடையதாக இருந்தாலும்.

அச்சகத்துக்கு அனுப்பினால் எழுத்து மாறிப்போகிறது, என்ன செய்வது?

அங்கே உங்கள் எழுத்துரு இல்லை, அதுதான். கோரலில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து கண்ட்ரோல் கியூ, இலஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிப்ட் ஓ: எழுத்து வெறும் வடிவமாக மாறிவிடும், எந்தக் கணினியிலும் அப்படியே திறக்கும். மாற்றியபின் இலக்கங்களையும் "ரூ."வையும் ஒருமுறை பாருங்கள், தமிழ் எழுத்துருவில் அவை இல்லாமல் வேறொன்று வந்து நிற்கக்கூடும். வடிவமாக மாற்றாத மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்திருங்கள், ஏனென்றால் பிள்ளையின் பெயரில் "ஷ்" வருமா "ஸ்" வருமா என்று வீட்டில் முடிவெடுப்பது பெனர் அடிக்கிற அன்று காலையில்தான்.